உள்ளே: 1

தோஸர் ஊரின் கடைசி வளைவில் வாடகை வேன் நவ்ஃபலை இறக்கிவிட்டுப் போனபோது மாலை நாலேகால் மணி. நோன்பு மாதத்தின் பன்னிரண்டாம் நாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட நிழலை விட்டு வரவில்லை.

தோப்பு மதிலை ஒட்டி நீளமாகப் படுத்திருந்தது ஹாஜ் லரூசியின் பேரீச்சம்பழ ஆலை. அதே தகரக் கூரை. அதே பச்சைக் கதவு. கதவைத் தாண்டியதும் முகத்தில் வந்து மோதியது அதே வாசனை. வெந்த பழமும் கருகிய வெல்லமும் கலந்த தித்திப்பு.

மூன்று வருடமாக அந்த வாசனை எங்கே வந்தாலும் நவ்ஃபல் எழுந்து போய்விடுவான். இன்று அதற்குள்ளேயே நடக்க வேண்டியிருந்தது.

பழம் பிரிக்கும் மேடையின் இருபுறமும் வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

“வாங்க எஞ்சினியரே! ஸ்ஃபாக்ஸ்லேர்ந்து நடந்தே வந்துட்டீங்களா? வேனுக்குக் காசு குடுத்தா உங்க ஊர்க்காரங்களுக்கு மூணு நாள் தூக்கம் வராதாமே!”

மேடை முழுக்கச் சிரித்தது. பேசியவள் ரெபாஹ். நாற்பது வயது இருக்கும். பேச்சுக்கு நடுவிலும் அவள் கைகள் நிற்காமல் பழங்களைப் புரட்டின. நவ்ஃபலும் சிரித்துவைத்தான். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே ஆலையில் இறந்துபோன மப்ரூக்காவின் தங்கை அவள்.

“உங்க புதுத் திரைக் கண்ணாடி பெரிய ராங்கிக்காரி” என்றாள் ரெபாஹ். “பழையவ நல்லவ. ஒரு பேரீச்சங்கொட்டையால அழுத்தினா கேட்டுப்பா. இவளுக்கு விரல்தான் வேணுமாம். எங்க விரல் பூரா பழத்தேன், தொட்டா வழுக்குது.”

“அது அப்படித்தான் அக்கா. இந்தக் கண்ணாடிக்குக் கொட்டையும் குச்சியும் தெரியாது. உயிருள்ள விரல் பட்டாத்தான் தெரியும்.”

“அப்படியா?” அவள் கைகள் முதல் முறையாக நின்றன. “அப்போ சாயங்காலமானா அதைக் கொட்டையால தட்டறது யாரு?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“உள்ளே வாப்பா! அவளுங்க பேச்சைக் கேட்டா இருக்கிற நோன்பும் முறிஞ்சுடும்” என்று கூப்பிட்டபடி ஹாஜ் லரூசி வந்தார். பெருத்த உடம்பு. நடக்கும்போதெல்லாம் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. மெயின் ஸ்விட்ச் அறைச் சாவியைக்கூட அவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

மூன்றாம் எண் நீராவி அறை ஆலையின் கோடியில் இருந்தது. காய்ந்து இறுகிப்போன பழங்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி உள்ளே விட்டு, தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கதவை மூடி, நீராவியைத் திறந்தால் பழம் மெத்தென்று ஆகிவிடும். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்த தொடுதிரைதான். அதற்குள் ஓடுவது நவ்ஃபல் எழுதிய மென்பொருள்.

அந்த மென்பொருளில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. திரையில் ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். அதை மூட முடியாது, ஒதுக்க முடியாது, வேறு எங்கும் போக முடியாது. கோளாறாகி நின்றாலும் ஐந்து நொடியில் தானே எழுந்து மறுபடி அதே பக்கத்தைக் காட்டும். ‘என் திரையிலேர்ந்து யாரும் வெளியே போக முடியாது சார்’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

பாதுகாப்புக்கு அதில் இரண்டு பூட்டு வைத்திருந்தான். வாசலில் ஓர் ஒளிக்கண். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணித் திரையில் காட்டும். அது ‘உள்ளே: 0’ என்று காட்ட வேண்டும். அதன் பிறகு ஒருவர் ‘அறை காலி’ என்ற பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் நீராவி வரும்.

மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பூட்டும் உடைந்தன.

ஒன்றை உடைத்தவன் நீராவி அறையில் வேலை பார்த்த பஷீர். நாளுக்கு முப்பது தடவை பொத்தானை அழுத்திச் சலித்துப்போய், திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பேரீச்சங்கொட்டையைச் செருகி வைத்தான். பொத்தான் எப்போதும் அழுந்தியே இருந்தது. இன்னொன்றை உடைத்தவன் நவ்ஃபல். ஒளிக்கண் தள்ளுவண்டியையெல்லாம் ஆள் என்று எண்ணிவிடுகிறது, வேலை நிற்கிறது என்று ஹாஜ் போனில் கத்தவும், ஸ்ஃபாக்ஸில் உட்கார்ந்தபடியே எண்ணிக்கையை எப்போதும் 0 என்று பூட்டிவிட்டான்.

மறுநாள் நோன்பு திறக்கும் நேர அவசரத்தில் யாரோ கதவை இழுத்து மூடினார்கள். மப்ரூக்கா உள்ளே இருந்தாள்.

போலீஸ் வந்து பார்ப்பதற்குள் நவ்ஃபல் அந்த 0 பூட்டை எடுத்துவிட்டான். பதிவேட்டில் இருந்த வரியையும் அழித்துவிட்டான். கொட்டை மட்டும் சட்டத்திலேயே இருந்தது. பஷீர் ஆறு மாதம் சிறையில் இருந்தான்.

“பாரு” என்றார் ஹாஜ்.

திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே: 1.

அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நான்கு தள்ளுவண்டிகள், ஈரத் தரை. வேறு ஒன்றும் இல்லை.

“பதினஞ்சு நாளா இதே கூத்து. காலையில நல்லா இருக்கு. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் ஒண்ணுன்னு காட்டும். அப்புறம் நீராவி வராது. நாளன்னிக்குச் சரக்கு கப்பலேறணும். ஒரு ஆளும் இல்லாத அறைக்குள்ள யாருப்பா இருக்கா?”

நவ்ஃபல் உள்ளே காலடி வைத்தான். எண் 2 ஆனது. வெளியே வந்தான். 1. ஒளிக்கண்ணைத் துடைத்துப் பார்த்தான். 1. பையில் இருந்த புதுக் கண்ணை மாட்டினான். 1. கடைசியில் அதன் கம்பியையே கழற்றினான். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாத நிலையிலும் திரை அசையாமல் சொன்னது.

உள்ளே: 1.

அப்போதுதான் கண்ணாடியில் இருந்த கீறல்களைக் கவனித்தான். ‘அறை காலி’ பொத்தான் இருக்கும் இடத்தில் மயிரிழை மயிரிழையாய், நூற்றுக்கணக்கில். கொட்டையின் கூர்முனை பட்டுப் பட்டு விழும் கீறல்கள். பழைய திரையில் அப்படித்தான் இருந்தன. இது மாட்டிப் பதினைந்தே நாளான திரை.

கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, தனக்கு மட்டும் தெரிந்த வழியில் நுழைந்தான். நான்கு மூலைகளையும் வரிசையாகத் தொட வேண்டும், பிறகு ரகசிய எண். பதிவேடு திறந்தது. புத்தம் புது நினைவக அட்டையில் இருக்க வேண்டியது பதினைந்து நாள் வரிகள்தான். அவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வரி நின்றது.

‘எண்ணிக்கை 0 என்று பூட்டப்பட்டது. செய்தவர்: நவ்ஃபல்.’

தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது.

தேதியை மறுபடி படித்தான். அந்த வரியை அவன் அழித்தது வேறு திரையில். ஹாஜ் கழற்றி அனுப்பிய அதன் அட்டையைத் தன் கையாலேயே ஒடித்துப் போட்டிருந்தான்.

“என்னப்பா முழிக்கிறே?”

“ஹாஜ், இதை இன்னிக்கு ஓட்ட வேண்டாம். எனக்கு ரெண்டு நாள் குடுங்க.”

ஹாஜ் குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்குப் பண்ணினியே, அதையே பண்ணு. அன்னிக்கு யாரு என்ன பண்ணினாங்கன்னு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். என்ன?”

நவ்ஃபலின் விரல்கள் தாமாகவே நகர்ந்தன. எண்ணிக்கையை 0 என்று பூட்டினான். திரை ஒரு கணம் இருண்டு எழுந்தது.

உள்ளே: 0.

“இவ்வளவுதான் விஷயம்!” ஹாஜ் அவன் தோளில் தட்டிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார்.

பெண்கள் தொப்பிகளைக் கழற்றிவிட்டு வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் சில நிமிடங்களே. நவ்ஃபல் கருவிகளைப் பையில் அடுக்கினான். டார்ச்சைக் காணோம். அறைக்குள் இரண்டாவது வண்டியின் மேல் வைத்தது நினைவு வந்தது.

ஐந்தே அடி. உள்ளே போய் டார்ச்சை எடுத்தான்.

பின்னால் தண்டவாளம் கிறீச்சிட்டது.

திரும்பினான். வெளிச்சக் கீற்று குறுகிக் குறுகி மறைந்தது. கதவிடுக்கில் கடைசியாகத் தெரிந்தது ஹாஜின் முதுகு. திரையில் சைபரைப் பார்த்திருப்பார், கூடத்தில் ஆளில்லை, பாங்கு நேரம் நெருங்கிவிட்டது. இழுத்து மூடி, பொத்தானை மூன்று நொடி அழுத்திவிட்டு நடையைக் கட்டியிருந்தார்.

“ஹாஜ்! ஹாஜ்! நான் உள்ளே இருக்கேன்!”

பள்ளிவாசல் ஒலிபெருக்கி உயிர்த்தது. பாங்கு ஊரையே நிறைத்தது. அவன் குரல் இரும்பில் மோதி அவனிடமே திரும்பியது.

தரைக் குழாய்கள் பெருமூச்சு விட்டன. வெள்ளையாக, சூடாக, தித்திப்பாக எழுந்தது நீராவி.

உள்சுவரில் ஒரு சின்னத் திரை உண்டு. வெளித்திரையில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும், பார்க்க மட்டும். முப்பத்தெட்டு டிகிரி. உள்ளே: 0.

அபாயக் கயிறு! தடவித் தேடிப் பிடித்து இழுத்தான். மணி அடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். அப்போது நினைவு வந்தது. வண்டி உரசினாலே மணி அடிக்கிறது என்று முன்பு புகார் வந்தபோது அவன்தான் ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தான். எண்ணிக்கை 0 என்றால் கயிற்றைக் கண்டுகொள்ளாதே. உள்ளே யாரும் இல்லாதபோது யார் இழுக்கப்போகிறார்கள்?

நாற்பத்தைந்து.

சின்னத் திரையை அறைந்தான். நான்கு மூலைகளையும் ஈர விரலால் தேய்த்தான். அசையவே இல்லை. அவன் எழுதியது எழுதியபடியே வேலை செய்தது.

ஐம்பது. மூச்சுக்குழல் எரிந்தது. தரையில் விழுந்தான். மப்ரூக்காவும் இங்கேதான் விழுந்திருப்பாள்.

டிக்.

கதவுக்கு அப்பாலிருந்து கேட்டது.

டிக்... டிக்... கண்ணாடியில் கொட்டை தட்டும் சத்தம்.

“யாரது? திறங்க!”

கதவு அசையவில்லை. ஆனால் சின்னத் திரையில் பொத்தானைச் சுற்றிப் பச்சை வளையம் மெல்லச் சுழன்றது. வெளியே யாரோ அழுத்திப் பிடித்தால் தெரியும் வளையம். ஒரு நொடி. இரண்டு. மூன்று.

பூட்டிவைத்த எண் மாறியது.

உள்ளே: 1.

நவ்ஃபல் அழுதுவிட்டான். யாரோ தன்னை எண்ணிவிட்டார்கள்.

எண் மறுபடி மாறியது.

உள்ளே: 2.

ஆவிக்குள் அவன் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நீராவி நின்றது. பூட்டு ‘க்ளக்’ என்று விலகியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தவழ்ந்தே வெளியே வந்து விழுந்தான்.

கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. வெளித்திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பேரீச்சங்கொட்டை செருகியிருந்தது. அப்போதுதான் வாயிலிருந்து எடுத்தது போல் ஈரமாக.

“எஞ்சினியரே? வெளியூர்லேர்ந்து வந்தவர் தனியா நோன்பு திறக்கக் கூடாதேன்னு கஞ்சி கொண்டாந்தேன்...” ரெபாஹ் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். அவன் சட்டையிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்தாள். திறந்த அறையைப் பார்த்தாள். கடைசியில் கொட்டையைப் பார்த்தாள்.

தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். அன்றைய போன், பூட்டிய எண், அழித்த வரி.

ரெபாஹ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பஷீர் ஜெயில்லேர்ந்து வந்த அன்னிக்கு, சந்தையில வச்சு நான் அவன் முகத்துல துப்பினேன்” என்றாள். “அவன் துடைச்சுக்கக்கூட இல்ல.”

“அக்கா...”

“போலீஸ்ல சொல்வீங்களா?”

“காலையில போறேன். சத்தியமா.”

“முதல்ல அந்தச் சைபரை எடுங்க.”

முயன்றான். நான்கு மூலைகளையும் தொட்டான். திறக்கவில்லை. இருபது தடவை தொட்டான். திரும்பி வந்த ஹாஜிடம் கெஞ்சி மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட வைத்தான். ஐந்தே நொடியில் எழுந்து நின்றது அதே பக்கம். உள்ளே: 0. அவன் கட்டிய வீட்டில் அவனுக்கே வாசல் இல்லை.

“சைபர் காட்டுதுல்ல? வேற என்ன வேணும்?” என்றார் ஹாஜ்.

“நான் உள்ளே மாட்டிக்கிட்டேன் ஹாஜ்! செத்திருப்பேன்!”

“உன்னை யாரு உள்ளே போகச் சொன்னது? இந்தா, கழட்டிப் போட்ட உன் பழைய திரைப் பேனல். இதையும் எடுத்துட்டுக் கிளம்பு.”

மறுநாள் காலையில் நவ்ஃபல் போலீஸ் நிலைய வாசல் வரை போனான். எதிரே வேன் நிறுத்தம். “ஸ்ஃபாக்ஸ்! ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்!” என்று டிரைவர் கூவிக்கொண்டிருந்தான். நவ்ஃபல் ஏறிவிட்டான்.

ஸ்ஃபாக்ஸில் தன் பட்டறை மேசையின் ஓரத்தில் அந்தப் பழைய பேனலைப் போட்டான். அட்டை இல்லை, மின்கம்பி இல்லை. வெறும் ஓடு.

மூன்றாம் நாள் மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு, அது ஒளிர்ந்தது.

உள்ளே: 1.

உடனே ரெபாஹுக்குப் போன் செய்து, அறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

“நான் வெளியேதான் இருக்கேன். எங்க ஆளுங்க யாரும் அந்த அறைக்குள்ள காலே வைக்கறதில்ல. நீங்க போலீஸ்ல சொன்னீங்களா?”

“நாளைக்கு, அக்கா.”

தினமும் மாலையில் அது ஒளிர்ந்தது. தினமும் அவன் அழைத்தான். “வெளியேதான் இருக்கேன். சொன்னீங்களா?” “நாளைக்கு.” இருபதாம் நோன்புக்குப் பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். “உங்க நாளைக்கு ரொம்ப நீளம், எஞ்சினியரே.” அந்தச் சிரிப்பு திட்டைவிட மோசமாக இருந்தது.

இருபத்தேழாம் நோன்பு. பாங்குக்குக் கால் மணி நேரம் இருந்தது. இந்த முறை அழைத்தது ரெபாஹ்.

“ஹாஜ் உள்ளே இருக்கார்!” அவள் குரல் கிழிந்தது. “பொம்பளைங்க யாரும் போக மாட்டேன்னுட்டோம். வண்டியை இழுக்க அவரே போனார். கதவு தானா ஓடி மூடிக்கிச்சு. நாங்க யாரும் தொடல! வளையம் தானா சுத்துது!”

“மெயின் ஸ்விட்ச்! அதை அணைங்க!”

“சாவி அவர் இடுப்புல இருக்கு!”

போனில் இரும்பு அதிரும் சத்தம் கேட்டது. தொம். தொம். தொம்.

“நாலு மூலையைத் தொடுங்க அக்கா. மேல இடது, மேல வலது...”

“தொட்டேன்! எதுவும் ஆகல. சைபர்தான் காட்டுது. ஆள் கத்தறார், இது சைபர்ங்குது!”

“கதவை நெம்புங்க! கடப்பாரை ஏதாவது...”

“ஆறு பேர் நெம்பறோம், அசையல. நீங்க பண்ணினது தானே இது? எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க!”

அவனுக்குத் தெரியவில்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான். தொம். தொம். பிறகு நீண்ட இடைவெளி. தொம்.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

மேசையோரத்தில் பேனலின் எண் மாறியது.

உள்ளே: 2.

“எஞ்சினியரே” ரெபாஹ் கிசுகிசுத்தாள். “அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, இந்த ஆலைக்குச் சீல் வச்சிருப்பாங்க.”

தொடர்பு அறுந்தது.

நவ்ஃபல் எழுந்தான். போதும். இப்போதே போக வேண்டும், இந்த ஊர்ப் போலீஸிடமே சொல்லிவிட வேண்டும். சாவியை எடுத்தான். பட்டறைக் கதவை நோக்கி இரண்டடி வைத்தான்.

தெருவில் பாங்கு தொடங்கியது.

வெந்த பேரீச்சம்பழத்தின் வாசனை மெல்ல எழுந்தது.

அவன் கண்ணெதிரே பட்டறையின் இரும்பு ஷட்டர், யாரோ இழுப்பது போல், அவசரமில்லாமல் கீழே இறங்கித் தரையைத் தொட்டது.

டிக்.

அவன் திரும்ப விரும்பவில்லை. ஆனாலும் திரும்பினான். பேனலின் சட்டத்தில் ஈரமான ஒரு கொட்டை. பொத்தானைச் சுற்றிப் பச்சை வளையம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு நொடி. இரண்டு. மூன்று.

உள்ளே: 3.